கையக் காட்டிட்டுப் போ

அக்கா யாரையும் முதலில் முகத்தில் பார்க்க மாட்டார். கையைத்தான் பார்ப்பார். அப்புறம் இடுப்பு மடிப்பு, கொண்டை, காலடி. எல்லாம் பார்த்து முடித்த பிறகு, நேரம் இருந்தால், முகம்.

கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்த பெண்ணையும் அப்படித்தான் பார்த்தார். கோயிலில் பூசாரி தட்டை நீட்டினால், எல்லாரும் சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அக்கா அதற்குப் பக்கத்தில் தொங்கும் திரைச்சீலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்பார். எங்கள் சிவகாசிப் பக்கத்தில் வெயில்கூடச் சந்தேகத்துக்கு உரியதுதான். உச்சிப்பொழுதில் காயப்போட்ட சரவெடியை அவசரக்காரனும் தொட மாட்டான். அப்படிப்பட்ட மண்ணில் விளைந்த பெண்பிள்ளை அவர்.

நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வாசல் சோதனை அவருக்கு வேலை. காலையில் வேன் வேனாக வந்து இறங்கும் பெண்களை வரிசையில் நிறுத்தி, தடவிப் பார்த்து உள்ளே விடவேண்டும். தீப்பெட்டி ஆகாது. செல்போன் ஆகாது, அது அப்போதுதான் எங்கள் பெண்களின் இடுப்புக்கு வந்து சேர்ந்திருந்தது. கொலுசு, ஊக்கு, நைலான் சேலை எதுவும் ஆகாது. வெடிமருந்து கலக்கும் அறைக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோரம் பதித்திருக்கும் செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் போகவேண்டும். உடம்பில் நமக்குத் தெரியாமல் சேர்ந்திருக்கும் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். தொடாமல் நுழைந்தவளை அக்கா கூந்தலைப் பிடித்து இழுத்து வெளியே விட்டதாகச் சொல்வார்கள். மறுநாள் அதே பெண்ணுக்குத் தலைவாரிப் பூவும் வைத்துவிட்டாராம்.

"கையக் காட்டிட்டுப் போ." அவர் வாயில் அதிகம் புழங்கிய வாசகம் இதுதான். பால்காரரிடமும் சொல்வார். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவரிடமும் சொன்னார். அவர் கும்பிட்ட கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் நோட்டீஸைக் கொடுத்தார்.

நான் அந்த நாட்களில் சிவகாசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். கீழே அச்சகம். காலண்டர் அடிக்கும் எந்திரத்தின் அதிர்வில் என் மேசையில் இருக்கும் கண்ணாடிக் குழாய்கள் நாள் முழுக்கக் கிலுகிலுத்துக்கொண்டிருக்கும். அக்கா என் தெருக்காரர். சர்க்கரை நோய் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மாதாமாதம் ரத்தம் கொடுக்க வருவார். வந்ததும் என் இரண்டு கைகளையும் பார்ப்பார். ஊசியின் உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, பிரிக்காததுதானா என்று பார்ப்பார்.

"ஒரு சொட்டு போதும்ங்கீக. பெறகு எதுக்கு இம்புட்டு எடுக்கீக தம்பி? மிச்சத்த எங்கன விக்கீக?"

"ஒங்க ரத்தத்த எறும்புதாங்க்கா வாங்கும்."

அவர் சிரிக்கவில்லை. "எறும்பு ஏமாத்தாது. அதுகிட்டயே குடுத்துருங்க" என்றார்.

அவருடைய மூக்கைப் பற்றித் தெருவில் ஒரு கதை உண்டு. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த நேரம். லோடு காத்துக்கிடக்கிறது, போர்மேன் கத்துகிறார், பெண்கள் வரிசையாக ஓடுகிறார்கள். எல்லாம் சரியாக இருந்த ஒருத்தியை அக்கா நிறுத்திவிட்டார். பருத்திச் சேலை, வெறுங்கால், வெறுங்கழுத்து. எதைக் குற்றம் சொல்ல முடியும்? அக்கா அவள் கையை எடுத்து முகர்ந்து பார்த்தார். "கையில சூட வாசம் அடிக்கி. சூடம் கொளுத்துனவ தீப்பெட்டிய எங்கன வச்ச?" என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்று அந்தப் பெண் சிரித்தாள். காலையில் கோயிலில் கொளுத்திவிட்டுப் பழக்கத்தில் இடுப்பில் செருகியதை அவளே மறந்திருந்தாள். மடிப்பை உதறியதும் தீப்பெட்டி விழுந்தது. எல்லாரும் அதைச் சுற்றி நின்று, செத்த பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்களாம்.

அதற்குப் பிறகு அக்கா என்னிடம் சொன்னது மறக்கவில்லை. "களவாணிக்குப் பயப்பட வேண்டாம் தம்பி. அவ முழிப்பா, புடிச்சிரலாம். மறந்தவ இருக்கா பாருங்க, அவ முழிக்கவே மாட்டா."

அந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் அக்கா ஒருவரைச் சந்தேகப்பட்டால், அது பாதித் தீர்ப்பு. யார் வீட்டுக் கோழி காணாமல் போனாலும் அவர் யாரைப் பார்க்கிறார் என்றுதான் பார்ப்பார்கள். வினையே அங்கேதான் இருந்தது.

அக்காவின் ஒரே மகன் லாரி ஓட்டினான். பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப நாளாகும். மருமகள் காரியாபட்டிப் பக்கத்துப் பெண். அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். சத்தம் வராமல் நடக்கிறவள், சத்தம் வராமல் பேசுகிறவள். வாசலில் அக்கா மற்றவர்களை ஒரு தடவை தடவினால் மருமகளை இரண்டு தடவை தடவுவார். "சொந்தக்காரின்னு விட்டுட்டேன்னு எவளும் சொல்லிரக் கூடாது" என்பார். மருமகள் கைகளைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பாள்.

அக்காவிடம் வந்த மாற்றத்தை முதலில் கவனித்ததும் அவள்தான். ஒருநாள் காலையில் வரிசையில் நிற்கிறாள். முன்னால் நின்ற இரண்டு பெண்களில் முதலாமவளை அக்கா சோதித்து முடித்தார், மறுபடியும் சோதித்தார், மறுபடியும். அந்தப் பெண் "எத்தன வாட்டித்தான் தடவுவீக, கூச்சமா இருக்குல்ல" என்று சிரித்தாள். இரண்டாமவளை அக்கா பார்க்கவே இல்லை. போ என்று கையை அசைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கம்பெனிக்குள்ளே, மருந்து ஷெட்டுக்கு வெளியே, அவள் இடுப்பில் செல்போன் மணி அடித்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனது அந்தக் காலையின் கருணை, அவ்வளவுதான்.

மருமகள் அன்றைக்கே போர்மேனிடம் போய் மெதுவாகச் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் அக்காவை வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

"எவளோ போட்டுக் குடுத்துருக்கா" என்று அக்கா தெருவெல்லாம் சொன்னார். அது சரிதான். அவருடைய சந்தேகங்களில் எப்போதும் ஒரு நுனி சரியாக இருக்கும். எனக்கு இன்றைக்கும் அதுதான் நடுக்கம் தருகிறது.

வாசல் போனதும் சந்தேகம் வீட்டுக்குள் குடிவந்தது. சாவியைக் காணோம், மருமகள். வெற்றிலைப் பெட்டி இடம் மாறிவிட்டது, மருமகள். ஒருநாள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது என் மாத்திர இல்ல, உருவம் மாறியிருக்கு" என்று துப்பினார். உண்மையாகவே மாறியிருந்தது. மருந்துக் கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்திருந்தார். பழையது வெள்ளை, இது நீளமாகச் சிவப்பு. எவ்வளவு சொல்லியும் அக்கா அதைத் தொடவில்லை. அதற்குப் பிறகு குழம்பு கசக்கிறது என்றார்.

"அவ எதையோ போடுறா. நாக்குல படுது. எனக்குத் தெரியாதா?"

தெரு நம்பியது. சூடத்தை முகர்ந்து தீப்பெட்டியைப் பிடித்தவர் சொல்கிறார், நம்பாமல் என்ன செய்யும்?

அக்கா வீட்டுச் சாப்பாட்டை விட்டார். கடையில் கட்டி வரும் பொட்டலம்தான். அதிலும் சாத்தூர் கருப்பட்டி மிட்டாய். பொட்டலத்தின் வாயில் குத்திய ஸ்டேப்ளர் பின் அசையாமல் இருக்கிறதா என்று பார்த்து, நகத்தால் பிரித்துத் தின்பார். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் மகன் சாத்தூரில் வண்டியை நிறுத்தி வாங்கி வருவான். சர்க்கரைக்காரருக்கு மிட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. சீனிதான் ஆகாது, கருப்பட்டி பனையில் வந்தது, உடம்புக்கு நல்லது என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த பொய்.

பிறகு மகன் அம்மாவை ஓர் ஆளிடம் கூட்டிப்போனான். வயிற்றில் யாராவது வைத்துவிட்ட இடுமருந்தை எடுக்கிறவர். தொப்புளில் குழாய் வைத்து உறிஞ்சி, ஒரு கருப்பு உருண்டையை இலையில் துப்பிக் காட்டினார். மகன் அதைப் பார்த்தான். வீட்டுக்கு வந்தான். மனைவியை அடிக்கவில்லை, ஏசவில்லை. காரியாபட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

ஒரு வாரம் கழித்து அவள் என் மேசைக்கு முன்னால் நின்றாள். கையில் தூக்குவாளி.

"இத டெஸ்டு பண்ணிச் சொல்லுங்கண்ணே. எங்க வீட்டுல வச்ச குழம்புதான், அவுகளுக்கு வைக்கிற மாதிரியே வச்சேன். இதுல ஒண்ணும் இல்லேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டா, கொண்டுபோய் அவுக மகன்கிட்டக் காட்டிருவேன்."

இந்த எந்திரத்துக்கு ரத்தம் தெரியும், மூத்திரம் தெரியும், குழம்பு தெரியாது என்றேன். அவள் வாளியை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். அச்சகத்து எந்திரம் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

"போட்டது நெசந்தாண்ணே" என்றாள்.

சர்க்கரை மாத்திரைதான். அம்மியில் பொடித்துக் குழம்பில் கலந்திருக்கிறாள். வேறு வழி தெரியவில்லை.

"போட்டேன்னு சொன்னா கொலகாரிம்பாக. போடலேன்னு சாதிச்சா, மாத்திர நின்னுபோனது ஒருத்தருக்கும் தெரியாம அவுக செத்துருவாக. நான் எதச் சொல்லட்டும்?"

ரத்தம் எடுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மகன் இருந்தான். நிலைப்படியில் நின்று கையை விரித்தேன். அக்கா பார்த்தார், பெட்டியைக் கிளறினார், உட்காரச் சொன்னார். தண்ணீர்ச் செம்பு பக்கத்திலேயே இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் கருவியில் வைத்தேன். கருவி எண் எதுவும் காட்டவில்லை. என் அளவைத் தாண்டிவிட்டது என்று மட்டும் சொன்னது. மூலையில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலங்கள், பிரித்ததும் பிரிக்காததுமாக, ஒரு சின்னக் குன்று.

விருதுநகரில் ஒரு பெரிய டாக்டரம்மாவிடம் சேர்த்தோம். சர்க்கரை இறங்கியது. புத்தியின் கலங்கல் கொஞ்சம் தெளிந்தது, ஆனால் அடிவரை தெளியவில்லை. மதுரைக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்து, கேள்விகள் கேட்டு, கடிகாரம் வரையச் சொல்லி, கடைசியில் அல்சைமர் என்றார்கள். முடிவைச் சொன்ன அன்று மகன் என்னையும் கூப்பிட்டிருந்தான். காரியாபட்டியிலிருந்து மருமகளும் வந்து, உள்ளே வராமல் கதவோரம் நின்றாள்.

விருதுநகர் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மூளை சின்ன உறுப்பு, பெரிய தீனிக்காரன். சர்க்கரைதான் அதன் விறகு. இன்சுலின் என்பது 'உள்ளே விடு' என்று சொல்லும் ஒரு சொல். பல வருடச் சர்க்கரை நோயில் அந்தச் சொல் செல்களின் காதில் ஏறுவதில்லை. மூளைக்குள்ளும் அப்படி ஆகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை வெள்ளமாக ஓடும், செல் பட்டினி கிடக்கும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றன. விறகும் ஆக்சிஜனும் அங்கே அளவோடு எரியும். அடுப்பு பழுதானால் பொறி தெறிக்கும். தெறித்த பொறி பக்கத்திலிருக்கும் கொழுப்பைச் சுடும், புரதத்தைச் சுடும். அணைக்க உடம்பே மணல்வாளி வைத்திருக்கிறது; வயதாக ஆக வாளியில் மணல் குறையும். இன்னொரு பக்கம், மடிப்புத் தவறிய புரதம் செல்களுக்கு நடுவே படிகிறது. அது அடுப்பை இன்னும் கெடுக்கிறது.

"எது மொதல்ல டாக்டர்?" என்று மகன் கேட்டான்.

"அது இன்னும் தெரியல. சர்க்கரை இருக்கறவங்களுக்கு ஆபத்து கூடுதல். ஆனா சர்க்கரை உள்ள எல்லாருக்கும் இது வர்றதில்ல. இல்லாதவங்களுக்கும் வருது."

எங்களுக்கு அது புரிந்தது. எரிந்து கரியான ஷெட்டில் நின்று எது முதலில் பற்றியது என்று தேடுகிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். எல்லாம்தான் கருகியிருக்கும். மகன் விடவில்லை. கம்பெனியில் அலுமினியத் தூள் பறக்குமே, அதுவா என்றான். பல பேர் சந்தேகப்பட்டார்கள், நிரூபணம் இல்லை என்றார் டாக்டர். எனக்கோ அந்த அறையில் எல்லாவற்றின் மேலும் சந்தேகம். சர்க்கரை மேல், கருப்பட்டி மேல், வாசல் வேலையைப் பிடுங்கிய கை மேல், இவ்வளவு அழகாக விளக்குகிற டாக்டர் மேலும்.

அப்போதுதான் கதவோரம் நின்றவள் பேசினாள். மாத்திரையைப் பொடித்துப் போட்டதைச் சொன்னாள். போர்மேனிடம் சொன்னது தான்தான் என்பதையும் சொன்னாள். ஒரே மூச்சில்.

மகன் திரும்பினான். "அப்ப அம்மா சொன்னது நெசம்."

"நெசந்தான்" என்றார் டாக்டர். "உங்கம்மா நாக்கு பொய் சொல்லல. அது சொன்னதுக்கு அர்த்தம் பாக்கற இடத்துலதான் பழுது." பிறகு இருவரையும் திட்டினார். அந்த மாத்திரை மெள்ளக் கரைய வேண்டியது, பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும்; கலப்பதும் தப்பு. மிட்டாய் அதைவிடத் தப்பு. இலையில் உருண்டை துப்பியவரைப் பற்றிக் கேட்டபோது டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மகன் மனைவியை வீட்டுக்குக் கூட்டி வந்தான். ஆனால் அவள் அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் அவன் கண் அவள் கையில் இருந்தது. தெருவும் பார்த்தது. அக்கா சாப்பிட மறுத்தால் மறுபடியும் காரியாபட்டிதான் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும்.

அவள் என்ன செய்தாள் என்பதை நானே பார்த்தேன். ரத்தம் எடுக்கப் போன ஒரு காலை. சோற்றை வட்டிலில் போட்டுக் கூடத்தின் நிலைப்படிக்கு வெளியே வைத்தாள். வளையலைக் கழற்றினாள். கொண்டையை அவிழ்த்து உதறினாள். இடுப்பு மடிப்பைத் தட்டிக் காட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கி, கம்பெனி வாசலில் நின்றதைப் போலவே, வானத்தைப் பார்த்து நின்றாள்.

கட்டிலில் குறுகிக் கிடந்த அக்கா எழுந்தார். முதுகு நிமிர்ந்தது. வந்து தோளிலிருந்து கணுக்கால் வரை தடவினார். உள்ளங்கையை முகர்ந்தார். வட்டிலைக் கிளறினார். பிரிக்காத மாத்திரை அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்து, தன் கட்டைவிரலால் தானே பிதுக்கி எடுத்தார். மருமகள் தன் கணவனைக் கொண்டு நிலைப்படியில் ஒரு துண்டுச் செம்புத் தகடும் அடிக்க வைத்திருந்தாள். அதைத் தொட்டாள்.

"ம். கையக் காட்டிட்ட. போ."

மருமகள் உள்ளே போனாள். அக்கா சாப்பிட்டார்.

நாள் தவறாமல் இது நடந்தது. பேரைக் கேட்டால் சொல்லத் தெரியாத காலம் வந்தது. மருமகளை எந்த ஊர்க்காரி என்று கேட்கும் காலம் வந்தது. சோதனை மட்டும் நின்றதில்லை. மகனின் கண் மெள்ள அவள் கையை விட்டு இறங்கியது. தெருவுக்கு வேறு கோழிகள் காணாமல் போயின. அவளைத் தடவிப் பார்க்கிற அந்தக் கைகளில், கடைசி வருடத்தில், கொஞ்சம் வருடலும் இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம். கேட்டதில்லை.

பிறகு ஒருநாள் அவள் என் மேசைக்கு வந்தாள். சர்க்கரை பார்க்கும் கருவிக்குப் போடும் அட்டை வாங்க வந்தவள், வாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு அத்த என்னயச் சோதிக்கலண்ணே."

நல்லதுதானே, நம்பிக்கை வந்துவிட்டதோ என்றேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது எனக்கே கேட்டது.

"கையத் தூக்கிக்கிட்டு அம்புட்டு நேரம் நின்னேன். கையவே பாக்கல. மொகத்தப் பார்த்துச் சிரிச்சாக. வாயத் தொறந்தாக. மாத்திரையப் பிரிச்சுக்கூடப் பாக்கல. இனிமே யாரு எதக் குடுத்தாலும் தின்னுருவாகண்ணே."

கீழே எந்திரம் ஓடியது. குழாய்கள் கிலுகிலுத்தன. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அட்டையை வாங்கியவள் அதன் ஒட்டுப் பிரியாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

அக்கா அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. அந்தக் கொஞ்ச காலமும், காலையில் அந்த வீட்டைக் கடந்தால் பார்க்கலாம். மருமகள் நிலைப்படியில் நின்று வளையலைக் கழற்றுவாள், கொண்டையை உதறுவாள், தன் உள்ளங்கையைத் தானே முகர்ந்து பார்ப்பாள், செம்பைத் தொடுவாள், பிறகுதான் வட்டிலோடு உள்ளே போவாள். உள்ளே கட்டிலில் அக்கா, வருகிறவர் யாராக இருந்தாலும் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு சாய்ந்திருப்பார். அவருக்கு இப்போது நேரம் இருந்தது.